இன்ஜெக்‌ஷன் மோல்டிங்: ஊசியை விட்டுவிடலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இளகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளிப் பொருள் செய்யும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறைக்கு நம் அகராதியில் என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்கிற இந்த இழையை நான்கு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வேலை நெருக்கடி. இப்போது உங்கள் கேள்விகளை எடுத்துப் போட்டு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மக்கள் இன்ஜெக்‌ஷனை ஊசி என்றுதான் சொல்கிறார்கள். 'ஊசி வார்ப்பு' என்று வைத்தால் என்ன குறை?

ஒரு சம்பவம் சொல்கிறேன் ஐயா. சில ஆண்டுகளுக்கு முன், புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு எங்கிருந்தோ ஒரு தமிழ்ப் பயிற்சிக் கையேடு வந்தது. முதல் பக்கத்திலேயே 'ஊசி வார்ப்பு இயந்திரம்'. படித்துவிட்டு வந்த ஒரு பையன் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சார், ஊசி எங்க இருக்கு?" என்றான். நான் நாசிலை, அதாவது இளகிய பிளாஸ்டிக் வெளியே வரும் முனையை, காட்டினேன். அது கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. அவன் நம்பவில்லை. அந்த மெஷினில் ஊசி என்று ஒன்று கிடையாது. மருத்துவமனையில் 'ஊசி போடு' என்கிறபோது கருவியின் பெயரை வைத்துச் செயலைச் சொல்கிறோம். கருவியே இல்லாத இடத்தில் அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டினால் பையன் தேடத்தான் செய்வான். இணைய விற்பனைத் தளங்களில் எந்திர மொழிபெயர்ப்பு 'ஊசி மோல்டிங்' என்று கொட்டுவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அகராதியில் நாமே ஏற்ற வேண்டாம்.

தொழிலில் இல்லாதவர்களுக்காக நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே கூம்பு போல ஹாப்பர். அதில் பிளாஸ்டிக் குருணை. குருணை பேரல் என்னும் உருளைக்குள் விழும். உள்ளே ஒரு ஸ்க்ரூ சுற்றும். சுற்றும்போது உராய்வும் வெளியே கட்டியிருக்கும் ஹீட்டரும் சேர்ந்து குருணையை இளக்கும். பாலிப்ரோப்பிலீன் என்றால் 200 டிகிரிக்கு மேல். இளகியது ஸ்க்ரூவின் முன்னால் சேரச் சேர ஸ்க்ரூ பின்வாங்கும். வேண்டிய அளவு சேர்ந்ததும் சுற்றுவது நின்று, ஸ்க்ரூ அப்படியே முன்னால் பாய்ந்து, மூடிய அச்சுக்குள் தள்ளும். ஓரிரு வினாடியில் அச்சு நிரம்பிவிடும். நிரம்பியபின்தான் முக்கியமான வேலை. அதைக் கீழே சொல்கிறேன்.

> ஹையாட் காலத்திலேயே இதற்கு ஒரு பெயர் இருந்திருக்குமே? மூலத்தைப் பார்த்து மொழிபெயர்க்கலாமே?

இருந்தது. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையாட்டும் அவர் சகோதரர் ஐசையாவும் செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக்குக்காகச் செய்த இயந்திரத்துக்கு 1872-இல் காப்புரிமை வாங்கினார்கள். நீராவியில் சூடாகும் உருளை, ஒரு தண்டு, முனையில் ஒரு துளை. யானைத் தந்தத்துக்கு மாற்றாகப் பில்லியர்ட்ஸ் பந்து செய்யக் கிளம்பியதில் வந்த செல்லுலாய்டு அது. பின்னால் சீப்பும் பொத்தானுமாக வீட்டுக்கு வீடு போனது. அந்த மெஷினைத் திணிப்பு எந்திரம் என்கிற பொருளில்தான் சொல்லிக்கொண்டார்கள். நேராக மொழிபெயர்த்தால் 'திணிப்பு வார்ப்பு'. ஆனால் தமிழ்நாட்டில் திணிப்பு என்ற சொல்லுக்கு முன்னால் எந்தச் சொல் தானாக வந்து நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'புகுத்து வார்ப்பு'க்கும் அதே கதி. ஒரு பக்கெட் மூடி செய்கிற மெஷினுக்கு அவ்வளவு அரசியல் ஆகாது.

இன்று எல்லாக் கடையிலும் (மோல்டிங் பட்டறையைத்தான் கடை என்கிறேன்) இருப்பது ஹையாட்டின் தண்டு அல்ல. சுற்றிக்கொண்டே பின்வாங்கி, நின்று, முன்னால் தள்ளுகிற ஸ்க்ரூ. வில்லியம் வில்லர்ட் என்பவர் 1956-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அமைப்பு. தண்டு மட்டும் இருந்த மெஷினில் குருணை பேரல் சுவரை ஒட்டிக் கருகும், நடுவில் வேகாமல் கிடக்கும். ஸ்க்ரூ வந்தபின் மாவு பிசைந்த மாதிரி ஒரே பதம். ஸ்க்ரூ முனையில் ஒரு வளையம் இருக்கும். தள்ளும்போது அது பின்னால் ஒட்டிக்கொண்டு, இளகியது திரும்பி ஓடாமல் தடுக்கும். கிணற்றுப் பம்பின் ஃபுட் வால்வு செய்கிற வேலைதான்.

> ஜெர்மன்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு 'பீச்சு வார்ப்பு' என்று முன்வைத்தேன். பீச்சாங்குழல் என்பது நம் பழைய சொல்தானே.

உங்கள் பரிந்துரைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஜெர்மன் சொல் 'ஷ்ப்ரிட்ஸ்குஸ்'. அப்படியே பீச்சும் வார்ப்பும். அவர்களுக்கு அந்தச் சொல்லில் உரிமை உண்டு. ஆர்தர் ஐசன்க்ரூன் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கை வைத்து 1919-இல் இதற்கென ஓர் அழுத்தி செய்தது அங்கேதான். பீச்சு நல்ல தமிழ், ஓசையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, பிள்ளைகள் எதற்கும் சிரிப்பார்கள்.

என் ஆட்சேபம் வேறு. பீச்சினால் பொருள் கெட்டுப்போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்ன வாய் வழியாக, எதிரே தடுக்கச் சுவர் இல்லாத அச்சுக்குள் வேகமாகத் தள்ளினால், இளகிய பிளாஸ்டிக் புழு மாதிரி நெளிந்து நெளிந்து பாயும். பின்னால் வருவது அதன்மேல் விழுந்தாலும் முதல் புழு ஒட்டாமல் தடமாக நிற்கும். கடையில் அதற்கு 'ஜெட்டிங்' என்று பெயர். பீஸை வெளிச்சத்தில் சாய்த்தால் பாம்பு ஊர்ந்த கோடு தெரியும், கழித்துக் கட்ட வேண்டியதுதான். நல்ல மோல்டிங்கில் முன்முகம் விரிந்து, சுவரை நனைத்துக்கொண்டு, பால் பொங்கிப் பரவுகிற மாதிரி போகும். ஆகவே பீச்சு என்ற சொல்லை அந்தக் குறைக்கு வைத்துக்கொள்வோம். 'பீச்சுத் தடம்.' எவ்வளவு பொருத்தம் பாருங்கள். குறைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற சொல்லை முறைக்கு வைத்து வீணாக்க வேண்டாம்.

> எரிபொருள் இன்ஜெக்‌ஷன், மருந்து இன்ஜெக்‌ஷன், பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன், எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டாமா?

வேண்டும் என்று கட்டாயமில்லை. ஜப்பானியத்தில் மருந்துக்கு 'சூஷா', எரிபொருளுக்கு 'ஃபுன்ஷா', பிளாஸ்டிக்குக்கு 'ஷாஷுட்சு'. மூன்றிலும் எய்தல் என்னும் ஓர் எழுத்து பொது, சொல் மூன்று. (நம் கடைகளிலும் 'ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஷாட் அடிப்பீங்க' என்றுதான் கேட்பார்கள். எய்தல் எப்படியோ இங்கேயும் வந்துவிட்டது.) மருத்துவமனைச் சொல் மருத்துவமனையில் இருக்கட்டும்.

இனி 'வார்ப்பு'. வார்ப்பது என்றால் ஊற்றுவது. தோசை வார்க்கிறோம், வெண்கலம் வார்க்கிறோம். ஊற்றினால் தானாக ஓடி நிரம்ப வேண்டும். உருக்கிய அலுமினியம் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி ஓடும். உருகிய பிளாஸ்டிக் தண்ணீரைவிட லட்சம் மடங்கு தடிப்பு என்றால் மிகையில்லை. பேரலை நீக்கிவிட்டுத் தரையில் தள்ளினால் குவியலாக உட்காரும், ஓடாது. அதனால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன் என்கிற கணக்கில் அழுத்தம் தேவைப்படுகிறது. 'டை காஸ்டிங்கில் அலுமினியத்தையும் அழுத்தித்தானே தள்ளுகிறார்கள், அதை வார்ப்பு என்கிறோமே' என்று யாராவது கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் உலோகத்துக்கு வார்ப்பு என்ற குடும்பப் பெயர் காலங்காலமாக வந்தது. பிளாஸ்டிக்குக்கு நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம். தவறான வீட்டில் ஏன் பிறக்க வேண்டும்?

அச்சு என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். அச்சு வெல்லத்தில் பாகை ஊற்றுகிறோம், கொழுக்கட்டை அச்சில் மாவை வைத்து அழுத்துகிறோம். இரண்டுக்கும் அச்சு என்ற சொல் இடம் கொடுக்கிறது. வண்டி அச்சு, அச்சகம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பது உண்மை. முன்னால் வினை ஒன்று வந்துவிட்டால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அந்த வினைக்கு என் பரிந்துரை: புகட்டு.

ஊரில் மாட்டுக்கு வயிறு உப்பினால் அப்பா மூங்கில் குழாயில் மருந்து ஊற்றிப் புகட்டுவார். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குழாயைக் கடைவாயில் செருகிக் கவிழ்ப்பார். கவிழ்த்தவுடன் கையை விட மாட்டார். தொண்டை இறங்குவதைப் பார்க்கும்வரை வாயைச் சேர்த்துப் பிடித்திருப்பார். விட்டால் கக்கிவிடும். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதும் இதேதான், மென்மையாக.

இப்போது, மேலே பாதியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். அச்சு நிரம்பியதும் பிளாஸ்டிக் குளிரத் தொடங்கும். குளிர்ந்தால் சுருங்கும். ஏ.பி.எஸ். ரகப் பிளாஸ்டிக் அரை சதவீதம் அளவில், பாலிப்ரோப்பிலீன் ஒன்று முதல் இரண்டு சதவீதம். சுருங்கிய இடத்துக்குப் புதிதாக ஊட்டாவிட்டால் தடித்த பகுதிகளில் குழி விழும். அதனால் நிரப்பியபின்னும் ஸ்க்ரூ அழுத்தத்தை விடாமல் பிடித்திருக்கும், 'ஹோல்டிங்'. எத்தனை வினாடி? அச்சின் வாய் உறையும்வரை. அதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். ஒருமுறை ஒரு மூடிக்கு, பிடிக்கும் நேரத்தை மாற்றி மாற்றி, நான் எடை வைத்துப் பார்த்தேன். 2 வினாடிக்கு 11.2 கிராம், 3-க்கு 11.4, 4-க்கு 11.6, 5-க்கும் 11.6, 6-க்கும் 11.6. நாலாவது வினாடியில் வாய் உறைந்துவிட்டது, அதற்குமேல் பிடித்தால் மின்சாரம்தான் வீண். அப்பா மாட்டின் தொண்டையைப் பார்த்தார், நாங்கள் தராசைப் பார்க்கிறோம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அவசரமாகப் புகட்டினால் மாட்டுக்குப் புரையேறும். அச்சில் அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் மூலையில் அடைபட்டு, நெருங்கி, சூடாகி, பீஸின் ஓரத்தைக் கருக்கிவிடும். ஊற்றுவதில் பிடித்திருக்கும் வேலை இல்லை, பீச்சுவதில் நிதானம் இல்லை. புகட்டுவதில் தள்ளுவது, பிடிப்பது, பொறுப்பது மூன்றும் இருக்கின்றன.

ஆகவே: புகட்டச்சு. வினையாக, புகட்டி அச்செடுத்தல். குடும்பமும் ஒழுங்காக அமைகிறது. பாட்டில் ஊதுவது ஊதச்சு, தண்ணீர்த் தொட்டி சுழற்றிச் செய்வது சுழலச்சு, பேக்கலைட் சுவிட்சு போன்றவற்றுக்கு அழுத்தச்சு. (பேக்கலண்ட் 1907-இல் கண்டது சூட்டில் இறுகிவிடுகிற ரகம். அங்கே அச்சே சூடாக இருக்கும், நம் கதை தலைகீழ். பள்ளிப் பாடத்தில் இளகும், இறுகும் என்று பிரித்திருப்பது அருமையான வேலை, அதைத் தொட வேண்டாம்.)

> புகட்டு என்றால் எனக்குக் கல்வி புகட்டுதல், பாடம் புகட்டுதல்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்கும் மேடைப் பேச்சு கேட்கும்போது அப்படித்தான். ஆனால் பால் புகட்டுவது அதற்கு முந்தியது. பாடம் புகட்டுவதே அதிலிருந்து வந்த உருவகம். வீட்டுப் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

பாலிமருக்குப் பலபடியா, இலங்கைப் பாடநூலின் பல்பகுதியமா என்று நடுவில் கிளைத்த விவாதத்துக்குள் நான் வரவில்லை. அது தனி இழையாகட்டும், இதோடு சேர்த்தால் இரண்டும் முடியாது.

நேற்று இந்தச் சொல்லைக் கடையில் சோதித்தேன். எங்கள் 120 டன் மெஷினில் (அச்சை மூடிப் பிடிக்கும் விசை அது) பல வருடமாக நிற்கும் அக்காவிடம் சொன்னேன். பிசிறு அறுத்துக்கொண்டே கேட்டார். "புகட்டச்சா? எழுதிக்கோங்க சார், நாங்க மோல்டிங்னுதான் சொல்லுவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா இந்த ஹோல்டிங் இருக்கே, அதப் புதுப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றது கஷ்டம். புகட்டிப் பிடின்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

நான் பட்டியலில் 'தாங்கு அழுத்தம்' என்று எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு 'பிடி அழுத்தம்' என்று மாற்றியிருக்கிறேன். 'பிசிறு' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது, அப்படியே போகட்டும். நாசிலிலிருந்து அச்சுக்குள் இறங்கும் தடித்த தண்டுக்கு, அதாவது ஸ்ப்ரூவுக்கு, நான் மூன்று சொல் யோசித்து வைத்திருந்தேன். அக்கா அதை உடைத்துக் கிரைண்டர் டப்பாவில் போடும்போது "இந்தக் காம்பு" என்றார். மூன்றையும் அழித்துவிட்டேன்.

பீச்சுத் தடம் பற்றி யாருக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை விரிதாளில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து