மாரி மழைக்கு ஏ9, ஏ34இல லொறி என்ன வேகத்தில ஓடுறது?

புளியங்குளத்தான்:
வவுனியாவில பசளை ஏத்தி, ஏ9 றோட்டால வந்து, மாங்குளத்தில ஏ34க்குத் திரும்பி முல்லைத்தீவுக்குப் போற ஓட்டம். ஆறு சில்லு லொறி, காத்துப் பிறேக், 10 தொன் சுமை. வரேக்க வெறும் லொறி. இரவு மழைக்கு மணிக்கு 40 கிலோமீற்றரில போனால் முதலாளி பிந்துது எண்டுறார், பின்னால பஸ் ஹோன் அடிக்குது. 60இல போகலாமோ? சுமையோடயோ வெறுமையாயோ கூடக் கவனம் வேணும்?

வன்னிச் சாரதி:
தம்பி, மீற்றர் முள்ளுக்கு முதல் வெளிச்சத்தைப் பாரும். டிம் லைற்றில தெளிவாத் தெரியிறது 50 மீற்றர் அளவுதான், மழைக்கு அதிலும் குறைவு. 60இல செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகுது. மாட்டைக் கண்டு பிறேக்கை அமத்த ஒண்டரைச் செக்கன், அதுக்குள்ள 25 மீற்றர் முடிஞ்சுது. நனைஞ்ச தாரில நிக்க இன்னும் 45 மீற்றர் வேணும். மொத்தம் 70. அதே கணக்கு 40இல 37 மீற்றர்தான். காத்துப் பிறேக் பிடிக்க எடுக்கிற நேரமும், தேய்ஞ்ச ரயரும் இதுக்கு மேல.

வயலும் காடும் நனைஞ்சு கிடக்கேக்க மாடுகள் றோட்டு மேட்டிலதான் வந்து படுக்கும். எருமை எண்டால் கிட்டப் போகும்வரை தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் உண்டு. மாங்குளம் முல்லைத்தீவு 50 கிலோமீற்றர் அளவு. 60க்கும் 40க்கும் வித்தியாசம் 25 நிமிசம். முதலாளிக்கு இந்தக் கணக்கைச் சொல்லும்.

டீசல்கை:
வெறும் லொறிதான் கூட வழுக்கும். அந்தப் பிறேக் 10 தொன்னை நிப்பாட்டச் செய்தது. பின்சில்லில பாரம் இல்லாட்டி லேசா அமத்தினாலே சில்லு இறுகி, பின்பக்கம் சுத்தி முன்னுக்கு வரப் பார்க்கும். எக்ஸோஸ்ட் பிறேக்கும் (புகைக்குழாயை அடைச்சு எஞ்சினால வேகத்தைக் குறைக்கிறது) பின்சில்லைத்தான் பிடிக்கும், அதால ஈர றோட்டில வெறுமையா வரேக்க அதை நிப்பாட்டி வையும். கியர் குறைக்கிறதை வளைவுக்கு முதலே, நேர் றோட்டில முடிச்சுக் கொள்ளும்.

பஸ்ஸுக்கு இடம் குடுக்கக் கரைக்கு இறங்காதையும்! மழைக்கு ஊறின கிரவலில சுமை லொறியின்ர இடப்பக்கச் சில்லு புதைஞ்சால் வண்டி சாயும். நேர் இடம் பார்த்து வேகத்தைக் குறையும், அவர் தாண்டிப் போகட்டும்.

வெயிலுக்குப் பிறகு வாற முதல் மழையில முதல் கால் மணித்தியாலம்தான் மோசம். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பசை மாதிரி நிக்கும்.

புளியங்குளத்தான்:
நன்றி அண்ணைமார். வெள்ளம் றோட்டை மேவினால்?

வன்னிச் சாரதி:
றோட்டுக் கரை தெரியாட்டி, தண்ணி இழுத்து ஓடினால் இறங்கவே வேண்டாம், சுமை லொறியையும் தள்ளும். நிண்ட தண்ணி, சில்லின்ர நடுவுக்குக் கீழ எண்டால் இரண்டாம் கியரில, நடுவில கியர் மாத்தாமல் ஒரே சீராப் போம். ஏறின உடன வேகம் பிடிக்காதையும். பிறேக் ட்றம்முக்குள்ள தண்ணி நிக்கும். மெதுவா ஓடிக்கொண்டு பிறேக்கை நாலைஞ்சு தரம் லேசா அமத்தி, பழையபடி பிடிக்குதோ எண்டு பார்த்த பிறகு வேகத்தைக் கூட்டும்.