தத்துப்பூச்சி முட்டைக்குள் வளரும் குட்டிக் குளவி: யாரெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்?

நெல்லில் பச்சைத் தத்துப்பூச்சி ஏறியிருந்த சமயம். சாறு உறிஞ்சுவது போதாதென்று துங்ரோ என்கிற நெல் வைரஸ் நோயையும் பரப்பும் பூச்சி என்பதால் எனக்குப் பயம். மருந்து அடிக்கும் முன் முட்டையைப் பார்த்துவிடலாம் என்று ஓர் இலையுறையை (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி) பிரித்து லென்ஸை வைத்தேன். இது முட்டையை வெளியில் இடாது. உறையைக் கீறி உள்ளே வரிசையாகச் செருகிவிடும். நல்ல முட்டை வெளிறியிருக்கும், முற்றியதும் ஒரு முனையில் சிவப்புக் கண்புள்ளி தெரியும். ஆனால் பக்கத்திலேயே சில முட்டைகள் முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தன. சந்தேகத்தில் அந்த உறையை ஈரப்பஞ்சோடு கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயைப் பஞ்சால் இறுக அடைத்தேன்.

சில நாளில் குழாய்ச் சுவரில் தூசி ஊர்ந்தது. லென்ஸில் பார்த்தால் குளவி! ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இறக்கை ஒல்லிக் காம்பு மாதிரி, ஓரமெல்லாம் நீள நீளமாக மயிர். தத்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும் இனம்; அதன் புழு தத்துப்பூச்சி முட்டையைத் தின்றே வளரும்.

மருந்தை நிறுத்திவிட்டேன். மேலே அடிக்கிற மருந்து குளவியைக் கொன்றுவிடும், உறைக்குள் இருக்கும் முட்டையோ பெரும்பாலும் தப்பிவிடும். அப்புறம் பொரிக்கிற குஞ்சைக் கேட்க ஆளிருக்காது. முட்டையைப் பார்க்காமல் தெளிப்பானைத் தூக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

—

நான் பார்த்தது வேறு வகை. தத்துப்பூச்சியின் வயிற்றோரம் கறுப்பாக ஒரு பை துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது இடுக்கிக்கால் குளவியின் புழு. தாய்க்குளவி முன்னங்கால் இடுக்கியால் பூச்சியைப் பிடித்து, கொட்டி, முட்டையிட்டுவிட்டு விட்டுவிடும். பூச்சி பையைச் சுமந்துகொண்டே திரியும். புழு முற்றி வெளியேறும்போதுதான் சாகும். சில பூச்சிகளை அந்தத் தாயே பிடித்துத் தின்றும்விடும்.

—

முட்டைக்குள் வளரும் குளவி தத்துப்பூச்சியை அடக்கும் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள தாஹிட்டி தீவு பெரிய சாட்சி. 1999-ல் அங்கே நுழைந்த கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி கட்டுக்கடங்காமல் பெருகியது. மரத்தடியில் நின்றால் அதன் கழிவுநீர் மழையாகச் சொட்டும். 2005-ல் முட்டை ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓராண்டுக்குள் தத்துப்பூச்சி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

—

மஞ்சள் ஒட்டுப்பொறி (பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டை) வைப்பவர்கள் கவனிக்க: இந்தக் குட்டிக் குளவிகளும் அதில் ஒட்டும். எண்ணிக்கை பார்க்க ஒன்றிரண்டு போதும், வயல் முழுக்க நிரப்ப வேண்டாம்.