பியூரெட் முனை அடிக்கடி உடைகிறது: துளி சிறிதாகவும் சீராகவும் விழ எதைப் பொருத்தலாம்?

குலசேகரம்_லேப்:
வணக்கம். குலசேகரம் பக்கம் ஒரு செண்ட்ரிஃபியூஜ் லேட்டக்ஸ் (சுழற்றிச் செறிவாக்கிய ரப்பர் பால்) கம்பெனியின் லேபுக்காகக் கேட்கிறேன். தினமும் அமோனியா டைட்ரேஷனும் (செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காண்பது) வி.எஃப்.ஏ.-வும் (லேட்டக்ஸில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களின் அளவு) ஓடுகிறது. வி.எஃப்.ஏ.-வுக்கு 10 மி.லி. கண்ணாடி பியூரெட் (கரைசலை அளந்து விடும் குழாய்), 0.05 மி.லி. பிரிவு, டெஃப்ளான் ஸ்டாப்காக் (திறந்து மூடும் திருகு). ஸிங்க்கில் கழுவும்போது குழாயில் இடித்து நுனி சில்லு சில்லாகப் போய்விடுகிறது. உடைந்ததை அரத்தில் தேய்த்துத்தான் ஓட்டுகிறோம். தேய்த்த பிறகு துளி பெரிதாக விழுகிறது, சில நேரம் நுனியிலிருந்து பக்கவாட்டில் ஏறி வழிகிறது. பியூரெட்டில் ஊற்றும் பேரியம் ஹைட்ராக்சைடு வேறு வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறது. ஒரே சாம்பிளுக்கு இரண்டு ஷிஃப்டில் இரண்டு அளவு. புது பியூரெட் வாங்குவது பதில் இல்லை, அதுவும் உடையும். உடையாத முனை ஏதாவது செய்து பொருத்த முடியுமா? எந்த விட்டம், எந்தப் பொருள்?

வடசேரி_கெமிஸ்ட்:
முதலில் உங்கள் டெஸ்ட்டில் ஒரு துளி எவ்வளவு என்று பாருங்கள். 50 கிராம் லேட்டக்ஸ், 25 மி.லி. சீரம் (ரப்பரைப் பிரித்த நீர்), அதை அமிலமாக்கி வடிக்க எடுக்கும் 10 மி.லி., 0.01 நார்மல் பேரியம் ஹைட்ராக்சைடு என்ற வழக்கமான முறையில், மொத்தத் திடப்பொருள் 61.5%, டி.ஆர்.சி. (உலர் ரப்பர் அளவு) 60% என்று வைத்தால் 1 மி.லி. என்பது வி.எஃப்.ஏ. எண்ணில் சுமார் 0.015. நல்ல லேட்டக்ஸ் 0.02 காட்டினால் மொத்தச் செலவே 1.3 மி.லி. தான். அதில் 0.05 மி.லி. துளி ஒன்று கூடினால் 4% போய்விட்டது. ஸ்டாப்காக்குக்குக் கீழே 0.2 மி.லி. காற்றுக்குமிழ் நின்று நடுவில் வெளியேறினால் 0.003 கூடும். இரண்டு ஷிஃப்ட் ஒத்துப்போகாததற்கு இதுவே போதும்.

துளியின் அளவை உள்துளை தீர்மானிப்பதில்லை. கண்ணாடி நனைகிற பொருள் என்பதால் துளி நுனியின் வெளி விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறது. வெளிவிட்டம் 3 மி.மீ. என்றால் தண்ணீர்த் துளி ஏறக்குறைய 0.047 மி.லி., 2 மி.மீ. என்றால் 0.033, 1 மி.மீ. என்றால் 0.018. கூம்பாக ஒடுங்கும் நுனி உடைந்தால் மேலே இருக்கும் தடித்த பகுதி நுனியாகிறது. அதனால்தான் துளி பெருக்கிறது.

உள்துளை வேறு வேலை செய்கிறது, ஓட்ட வேகம் அதன் கையில். மெல்லிய நீண்ட துளையில் விநாடிக்கு ஓடும் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும், விட்டம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. வேகமாக இறங்கினால் சுவரில் ஒட்டிய படலம் பின்தங்கி, நீங்கள் அளவு பார்த்த பிறகும் மெல்ல இறங்கிவந்து மட்டத்தை உயர்த்தும். சோதிக்க எளிய வழி: ஸ்டாப்காக்கை முழுதாகத் திறந்து 10 மி.லி. அளவுக்கு விட்டு மூடி, உடனே ஒரு அளவு, 30 விநாடி கழித்து ஒரு அளவு. 0.02 மி.லி.-க்கு மேல் வேறுபட்டால் துளை அந்தப் பியூரெட்டுக்குப் பெரிது.

தக்கலை_கருவிகள்:
உடையாத முனை தேடாதீர்கள். கழற்றி மாற்றும் முனை போடுங்கள், கண்ணாடி உடம்புக்கு எதுவும் ஆகாது.

உடைந்த இடத்திற்கு மேலே, வெளிவிட்டம் 4 மி.மீ. அளவில் இருக்கும் இடத்தில் முக்கோண அரத்தால் ஒரே கீறல் போட்டு, துணி சுற்றி ஒடித்துவிடுங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 600, இரண்டும் தண்ணீர் ஊற்றி, பியூரெட்டைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்க்க வேண்டும். தீயில் காட்டி மழுக்காதீர்கள். விளிம்பு உருண்டுவிடும், துளையும் சுருங்கும். டெஃப்ளான் ஸ்டாப்காக்கைக் கழற்றாமல் தீ காட்டவே கூடாது, அதிகம் சூடேறினால் அதிலிருந்து நச்சுப்புகை வரும்.

தேய்த்த முனையில் 3 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிகோன் குழாய், 15 மி.மீ. நீளம் போதும். கீழ்ப்பக்கம் பாலிப்ரோப்பிலீன் லூயர் இணைப்பு: ஒரு பக்கம் குழாய் மாட்டும் பல், மறுபக்கம் ஊசி மாட்டுகிற பூட்டு. அந்தப் பூட்டில் எலக்ட்ரானிக்ஸ் வேலையில் பசை வைக்கப் பயன்படுத்தும் கூம்பு பிளாஸ்டிக் முனையைத் திருகுங்கள். 22 கேஜ் (துளை அளவு எண்), பெரும்பாலும் நீல நிறத்தில் வரும், உள்துளை 0.41 மி.மீ. துளி 0.02 மி.லி.-க்குள் அடங்கும். முனை கெட்டால் திருகி எறிந்துவிட்டு அடுத்தது.

கண்ணாடி முனையும் இணைப்பின் பல்லும் சிலிகோனுக்குள் முட்டி நிற்க வேண்டும். நடுவில் 1 மி.மீ.-க்கு மேல் இடைவெளி விட்டால் இரண்டு கேடு. அங்கே குமிழ் தங்கும். ஸ்டாப்காக் திறந்ததும் குழாய் சற்று உப்பி, மூடியதும் சுருங்கி, கேட்காத ஒரு துளியைத் தள்ளும். எண்ட் பாயிண்ட்டை (நிறம் மாறும் முடிவுப் புள்ளி) தாண்டிப் பிங்க் ஆனதற்கு ஆளைக் குறை சொல்வார்கள், காரணம் அந்த இடைவெளி.

மணவாளக்குறிச்சி_நீர்:
நம்ம பக்கம் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு (குளோரைடு) பார்க்க இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டில் 1 மி.லி. என்பது 0.5 மி.கி. குளோரைடு. 250 மி.கி./லி. இருக்கும் தண்ணீர் 100 மி.லி. எடுத்தாலே 50 மி.லி. செலவாகும், அதில் ஒரு துளி ஒரு பொருட்டே இல்லை. இங்கே முனையின் பொருள்தான் முக்கியம். ஊசி மருந்து ஊசியை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊசியின் அடிப்பகுதி நிக்கல் பூசிய பித்தளையாக இருந்தால் சில்வர் நைட்ரேட் கறுப்பாக வெள்ளியைப் படியவிட்டுத் துளையை அடைத்துவிடும். எஃகு ஊசியை ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரிக்கும், சரிவாக வெட்டிய நுனியில் துளியும் ஒழுங்காக விழாது. சில்வர் நைட்ரேட், அயோடின், பெர்மாங்கனேட் மூன்றுக்கும் ரப்பர் குழாய் ஆகவே ஆகாது. இவற்றுக்கு டெஃப்ளான் குழாய் முனை, 1.6 மி.மீ. வெளி, 0.8 மி.மீ. உள். புது பிளேடால் நேராக ஒரே வெட்டு.

தேங்காய் எண்ணெய் ஆசிட் வேல்யூ (அமில அளவு) பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஆல்கஹாலில் கரைத்த காஸ்டிக் பொட்டாஷ் துளி, அதே முனையில் தண்ணீர்த் துளியின் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பரப்பு இழுவிசை அவ்வளவு குறைவு. துளிகளை எண்ணி மதிப்பிடும் பழக்கம் அங்கே செல்லாது.

குலசேகரம்_லேப்:
மிக்க நன்றி. 200 மைக்ரோலிட்டர் மஞ்சள் பிப்பெட் டிப்பை நேராகக் கண்ணாடியில் செருகினால் போதாதா? அது கையிலேயே இருக்கிறது. பொரிவதற்கு என்ன செய்வது?

தக்கலை_கருவிகள்:
துளிக்கு மஞ்சள் டிப் நல்லதுதான். ஆனால் அது வாய் அகன்ற கூம்பு, கண்ணாடி நுனி அதற்குள் பாதி வழியில் நிற்கும். சுற்றிலும் காற்று வளையம் மாட்டிக்கொள்ளும், தட்டினாலும் போகாது. அவசரத்துக்கு மட்டும்.

எதை மாட்டினாலும் முதல் நாளே துளியை எடை போட்டுவிடுங்கள். மூடியுள்ள சிறு பாட்டிலில் 50 துளி தண்ணீரை மெதுவாக விட்டு எடை எடுங்கள். 30 டிகிரியில் 1 மி.லி. தண்ணீர் 0.9957 கிராம். 50 துளி 0.9 கிராம் வந்தால் துளி 0.018 மி.லி. என்று பியூரெட் ஸ்டாண்டில் சீட்டு ஒட்டிவிடுங்கள். மூன்று முறையும் 5%-க்குள் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் வெட்டு சாய்வு, அல்லது விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு சுழியத்துக்கு நிரப்பி 20 நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் முனையை விட்டுவிட்டு ஸ்டாப்காக் நட்டைப் பாருங்கள்.

வடசேரி_கெமிஸ்ட்:
பொரிவது பேரியம் கார்பனேட். காற்றிலுள்ள கரியமில வாயு தொட்ட இடமெல்லாம் அது வரும், துளை சிறிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். பியூரெட்டின் மேல்வாயிலும் இருப்பு பாட்டிலிலும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் குழாய் வையுங்கள். வேலை முடிந்ததும் கரைசலை வடித்து, முனையைத் திருகிக் கழற்றி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 நிமிடம் போட்டு, வடிநீரில் அலசிக் காயவையுங்கள். சல்பூரிக் அமிலம் வேண்டாம், பேரியம் சல்பேட் ஆகிவிட்டால் எதிலும் எளிதில் கரையாது. காலையில் மாட்டியதும் 2 மி.லி. கரைசலை வேகமாக ஓடவிட்டு எறிந்த பிறகே சுழியம் வையுங்கள். குமிழும் அதோடு போகும், அலசிய ஈரமும் போகும்.

எண்ட் பாயிண்ட் நெருங்கியதும் துளி முழுதாகத் தொங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பாதி வந்ததும் குடுவையின் உட்சுவரில் தொட்டு, வாஷ் பாட்டிலால் ஒரு பீச்சு. அந்தத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும், பிளாங்க்கும் (சாம்பிள் இல்லாத சோதனை) அதே தண்ணீரில் போடுங்கள். வடிப்பை டைட்ரேட் செய்யும் மேசையில் திறந்த லேட்டக்ஸ் கேன் இருக்கக் கூடாது. அமோனியா கரைந்து அமிலத்தைத் தின்றுவிடும், வி.எஃப்.ஏ. உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். 1.3 மி.லி. செலவுக்கு 0.05 பிரிவு போதாது. அடுத்த முறை வாங்கும்போது 0.02 அல்லது அதைவிட நுண்ணிய பிரிவுள்ள மைக்ரோ பியூரெட்டாக, முனை தனியாகக் கழலும் வகையாகக் கேளுங்கள்.