போடிமெட்டு ஏற்றம்: மெதுவாகப் போயும் யூனிசைக்கிள் கொதிக்கிறது

ஏலக்காய்க் கணக்கு (போடி):

வணக்கம். வீடு போடியில், வேலை மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில். ஜீப்புக்குக் காத்திருந்து அலுத்துப்போய் எலெக்ட்ரிக் யூனிசைக்கிள் (மோட்டாரில் ஓடும் ஒற்றைச் சக்கர வண்டி) வாங்கினேன். 100.8 வோல்ட், 1,800 வாட்-அவர். வண்டி 36 கிலோ, நான் 82. சமதரையில் ஒரு குறையும் இல்லை. முந்தல் தாண்டி மலை ஏறினால்தான் வம்பு. 17 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் போன் ஆப்பில் போர்டு (மோட்டாரை இயக்கும் சர்க்யூட்) சூடு 75 டிகிரி. பீப் அடிக்கிறது, பெடலின் முன்பக்கம் தூக்கி ஆளைப் பின்னால் தள்ளுகிறது.

மார்கழியில் இந்தத் தொல்லை இல்லை. சூடாகக் கூடாதென்று 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துதான் போகிறேன். பேட்டரி கரண்டும் 4 ஆம்பியரைத் தாண்டவில்லை. விற்ற கடையில் "வெயில் காலம் சார், அப்படித்தான்" என்கிறார்கள். கூடுதல் ஃபேன் மாட்டலாமா? ஈரத்துணி சுற்றலாமா?

ரைடர் மணி:

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்க ப்ரோ. மேட்டர் ஓவர்.

ஏலக்காய்க் கணக்கு:

ஸ்டோர் திறப்பது பத்து மணிக்கு. அதுவரை மெட்டில் உட்கார்ந்து டீ குடிக்கவா?

காயில் கடை (கம்பம்):

தம்பி, முதலில் பேட்டரியை விட்டுவிடுங்கள். ஆளும் வண்டியும் 118 கிலோ. ஆயிரம் மீட்டர் தூக்க சுமார் 320 வாட்-அவர் போதும். உரசல், சூடு என்று போவதைச் சேர்த்தாலும் உங்கள் பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை. கொதிப்பது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயிலும், கரண்டைத் திறந்து மூட போர்டில் இருக்கிற மாஸ்ஃபெட்டும்.

நீங்கள் ஊர்ந்து போவதுதான் சிக்கல். இந்த மோட்டாரில் கியர் கிடையாது. சரிவு எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும், இழுவைக்குத் தகுந்த கரண்ட் காயிலில் ஓடும். 10-இல் போனாலும் 20-இல் போனாலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. ஆக, நிமிடத்துக்கு விழும் சூடு அதேதான். பாதி வேகத்தில் போனால் இரண்டு மடங்கு நேரம் வாங்கிக்கொள்கிறீர்கள். காற்றும் குறைவு. அந்த 4 ஆம்பியர் பேட்டரியில் இருந்து வருவது. மெதுவாகச் சுற்றும்போது மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் குறைவு, அதனால் காயிலில் அதைப்போலப் பல மடங்கு ஓடும். ஆப்பில் ஃபேஸ் கரண்ட் (காயிலில் ஓடுவது) என்று தனியாக இருந்தால் அதைப் பாருங்கள்.

நேர்ப்பாதையில் 20, 22 வைத்துப் போங்கள். வளைவில் குறைத்துத்தான் ஆக வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது கொண்டை ஊசியில் உள்வட்டம் மாட்டும், அங்கேதான் செங்குத்து. அதற்காக வலப்பக்கம் ஏறிவிடாதீர்கள், எதிரே தோட்ட ஜீப் வருகிற வரத்து உங்களுக்கே தெரியும். நிற்பதானால் தட்டையான இடம் பார்த்து நில்லுங்கள். சரிவில் நின்று மறுபடி கிளப்புவதுதான் போர்டுக்குப் பெரிய அடி.

நின்றதும் ஆஃப் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபேன் ஓடட்டும், வண்டியை நிமிர்த்திக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்கு மேலே குளிர்ந்து காயிலுக்கு என்ன பயன்? போர்டுக்குள் தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது. ஃபேன் மாட்டுவதற்கு முன் போர்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் தூசி அடைத்திருக்கிறதா, சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களுடையது ஹை ஸ்பீட் மோட்டாரா? அதில் காயிலின் கம்பிச் சுற்று குறைவு, அதே இழுவைக்குக் கூடுதல் கரண்ட் கேட்கும். மலைக்கு இழுவை கூடிய ஹை டார்க் மோட்டார்தான் தோது.

இன்னொன்று: 75 என்பது போர்டின் சூடு. மோட்டாருக்கு சென்சார் இல்லாத வண்டி என்றால் மூக்குதான் சென்சார். காயிலில் பூசிய வார்னிஷ் கருகும் வாடை வந்தால் இறங்கிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

எங்களுக்கு மலை இல்லை, பாலக்காட்டு வெயில்தான். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரிக்குப் பக்கம் போய்விடும். ஓட்டும்போது தொந்தரவில்லை சார், நிறுத்தும்போதுதான். பள்ளியில் தகரக் கொட்டகையில் விட்டால் பெடலைத் தொட முடியாது, ஸ்டாஃப் ரூமுக்கே உருட்டி வந்துவிடுவேன். (ஹெச்.எம். முகத்தைப் பார்க்க மாட்டேன்.) லித்தியம் செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏறி முடித்த கையோடு பிளக்கைச் சொருகாமல் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

ஏலக்காய்க் கணக்கு:

நன்றி அண்ணே, டீச்சர். ஹை ஸ்பீட் மோட்டார்தான், வாங்கும்போது வேகத்தைச் சொல்லித்தான் விற்றார்கள். சாயங்காலம் இறங்கும்போதாவது காயில் ஆறுமா?

காயில் கடை (கம்பம்):

ஆறாது. பிரேக் பிடிக்கும்போது அதே காயிலில் கரண்ட் திரும்பி ஓடுகிறது. ஏற்றத்தைவிடக் குறைவாகச் சுடும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கரண்ட் பேட்டரிக்குப் போய்ச் சேர இடம் வேண்டும். ஸ்டோரில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் வோல்டேஜ் எகிறி, நடு வளைவில் வண்டி மறுபடி தூக்கித் தள்ளும். 80-இல் பிளக்கைப் பிடுங்குங்கள்.