பெட்ரோல், டீசல், தார் எல்லாம் ஒரே கச்சா எண்ணெய்லேர்ந்து எப்படிங்க பிரிக்கறாங்க?

மாட்டுத்தாவணி_மணி:
பொண்ணு எட்டாவது படிக்கிறா, புக்ல "பின்னக் காய்ச்சி வடித்தல்"னு ஒரு டவர் படம் போட்டு அம்புக்குறியா விட்ருக்கான். மேல கேஸ், கீழ தார். எல்லாத்தையும் ஒண்ணாதான காய்ச்சறாங்க, அப்புறம் எது பெட்ரோல் எது டீசல்னு அந்த டவருக்கு எப்படி தெரியும்னு கேக்குறா. முழிக்கிறேன்.

பழைய_ஆபரேட்டர்:
மணி சார், 1969-ல ஓட ஆரம்பிச்ச சென்னை மணலி எண்ணெய் ரிஃபைனரில கொஞ்ச வருஷம் டூட்டி பாத்தவன் நான். டவருக்கு ஒண்ணும் தெரியாது, சூடு மட்டும்தான் வேலை செய்யுது. முதல்ல தண்ணி கலந்து உப்பை எடுத்துருவோம், இல்லன்னா அது ஆசிட்டாகி பைப்பை அரிச்சிரும். அப்புறம் ஃபர்னஸ்ல (உலைல) 350, 360 டிகிரி ஏத்தி டவருக்குள்ள விட்டா பெரும்பகுதி ஆவியா மேல கிளம்பும். உள்ள அடுக்கடுக்கா ஓட்டை போட்ட தட்டு, இட்லிக் கொப்பரை மாதிரின்னு வைங்க. மேல போகப்போக சூடு குறையும், ஒவ்வொண்ணும் கொதிக்கிற சூடு வேற வேறங்கறதால டீசல் ஆவி பாதியிலயே திரவமா மாறி தட்டுல தங்கிரும், மண்ணெண்ணெய் இன்னும் மேல போய் தங்கும், நாஃப்தாவும் (பெட்ரோல் ஆகப்போற லேசான எண்ணெய்) கேஸும் உச்சி வழியா வெளிய போகும். அந்தந்த தட்டுலேர்ந்து பைப் போட்டு இழுத்துக்க வேண்டியதுதான். கோடு போட்ட மாதிரி பிரியாது, ஒண்ணுல ஒண்ணு கொஞ்சம் கலந்துதான் வரும்.

தஞ்சை_தம்பி:
அண்ணே அடியில தங்குறதையும் இன்னும் சூடாக்கி ஆவியாக்கிட வேண்டியதுதான?

பழைய_ஆபரேட்டர்:
370 தாண்டுனா எண்ணெயே உடைஞ்சு குழாய்க்குள்ள கரி பிடிச்சிரும் தம்பி, அதை சுரண்டுறதுக்குள்ள உசுரு போயிரும். அதனால அடுத்த டவர்ல காத்தை உறிஞ்சி அழுத்தத்தை குறைச்சிருவோம். ஊட்டில தண்ணி நூறு டிகிரிக்கு முன்னாடியே கொதிக்குதுல்ல, அதே கதைதான். அதுலயும் ஆவியாகாம அடியில நிக்கறதுலேர்ந்துதான் ரோட்டுக்குத் தார்.

கெமிக்கல்_குமரன்:
ஒண்ணு விட்டுட்டீங்க. டவர்லேர்ந்து வர்ற நாஃப்தாவ நேரா வண்டில ஊத்துனா இன்ஜின் நாக்கிங் அடிக்கும் (டக்டக்னு தட்டும்), ஆக்டேன், அதாவது அப்படி தட்டாம எரியிற தன்மை, பத்தாது. பிளாட்டினம் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) வச்சு ரிஃபார்மர்ங்கற யூனிட்ல மாத்தி, கலவை போட்டாதான் பங்க் பெட்ரோல். புக் படத்துல இதெல்லாம் வராது, அதான் பசங்க டவர்லேர்ந்து நேரா பங்குக்கு போகுதுன்னு நினைக்குதுங்க.

மாட்டுத்தாவணி_மணி:
கொப்பரையை காட்டியே சொல்லிட்டேன், புரிஞ்சிருச்சு. இப்ப அடுத்தது, கச்சா எண்ணெய்ல இருக்குற கந்தகம் எங்க போகுதாம்?

பழைய_ஆபரேட்டர்:
ஹைட்ரஜன் விட்டு பிரிச்சிருவாங்க. பிஎஸ்-6ங்கற வண்டிப் புகை விதி வந்ததுலேர்ந்து டீசல்ல கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான் இருக்கலாம். பிரிச்சது மஞ்சள் மஞ்சளா கட்டியாகும், சல்ஃபூரிக் ஆசிட் பண்றவங்க வாங்கிட்டு போவாங்க.