மானிய விண்ணப்பத்தில் டிஆர்எல் எத்தனை போடுவது? அவசரம்

கறவைமாடு: வணக்கம். மானியத்துக்கு விண்ணப்பிக்கிறோம். படிவத்தில் டிஆர்எல் (தொழில்நுட்பம் எந்த அளவு தயாராக இருக்கிறது என்பதைச் சொல்லும் நிலை எண்) எத்தனை என்று கேட்கிறார்கள். கருவி நன்றாக வேலை செய்கிறது. கூட்டாளி 7 போடச் சொல்கிறார். போடலாமா? கடைசித் தேதி நெருங்கிவிட்டது, தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

செந்தூரம்: எந்தத் திட்டம்? என்ன கருவி? கம்பெனியாகவா, தனிநபராகவா? இது தெரியாமல் எண் சொல்ல முடியாதுங்க.

ஏணிப்படி: இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. வழிகாட்டுக் குறிப்பை ஒரு முறை படித்திருந்தால் கேட்கவே வேண்டியிருக்காது. டிஆர்எல் 1 முதல் 9 வரை, நாசாவில் தொடங்கிய அளவுகோல். 3 என்றால் யோசனை நடைமுறையில் சாத்தியம் என்று காட்டியாயிற்று. 4, பாகங்களைச் சேர்த்து ஆய்வகத்தில் சோதித்தது. 5, 6 நிஜத்தை ஒத்த சூழல். 7 போட முன்மாதிரி களத்திலேயே ஓடியிருக்க வேண்டும். "நன்றாக வேலை செய்கிறது" என்று ஒரு படி கிடையாது.

பேனாக்கத்தி: டிஆர்எல்லை யார் பார்க்கிறார்கள்? விண்ணப்பம் விழுவது பட்ஜெட்டில்தான். அதை முதலில் சரிபாருங்கள்.

கறவைமாடு: உயிரித் தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் மானியத் திட்டம். பாலின் மின்கடத்தலை அளந்து மடிநோயைக் கண்டுபிடிக்கும் சென்சார். தனிநபராக.

செந்தூரம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பிக், யோசனையை நிரூபிக்கும் கட்டத்துக்கான பணம். 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம் வரை. அதில் 7 போட்டால், "எல்லாம் முடிந்துவிட்டதே, பணம் எதற்கு?" என்று கேட்பார்கள்.

இன்னொன்று, பாலை எங்கே அளந்தீர்கள்? மடிநோய் வந்தால் சோடியமும் குளோரைடும் கூடி மின்கடத்தல் ஏறும், சரி. ஆனால் வெப்பநிலை மாறினாலும் அதே எண் ஆடும். ஆய்வகத்தில் ஒரே வெப்பநிலையில் வைத்து அளந்த கருவி, கறந்த சூட்டில் என்ன காட்டும்? கொழுப்பும் புரதமும் மின்முனையில் படிந்தால்? மதிப்பீட்டாளர் கை வைக்கும் இடம் இதுதான்.

பேனாக்கத்தி: அரசுப் பணம் வாங்கினால் காப்புரிமை கைவிட்டுப் போகும். யோசித்துச் செய்யுங்கள்.

ஏணிப்படி: தவறான தகவல் பரப்பாதீர்கள். பிக்கில் கண்டுபிடிப்பின் உரிமை பெறுபவருக்கே. நிறுவனத்தில் பங்கும் கேட்பதில்லை.

பேனாக்கத்தி: எல்லாத் திட்டமும் அப்படியா? ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் 50 லட்சம் வரை கடனாகவோ, பங்காக மாறும் பத்திரமாகவோதானே தருகிறார்கள்?

மண்வெட்டி: அது சந்தைக்குப் போகும் கட்டத்துக்கு. அதே திட்டத்தில் முன்மாதிரிக்கு 20 லட்சம் வரை மானியமே உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். தவிர, அவர் கேட்டது இது இல்லை.

பேனாக்கத்தி: எதுவானாலும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

கறவைமாடு: ஆய்வகத்தில்தான் அளந்தோம், குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த பால். 4 போட்டுவிட்டோம். தொழுவத்தில் கறந்த உடனே அளப்பதை முதல் மைல்கல்லாக எழுதியாயிற்று. இன்குபேட்டர் (புதுத் தொழில்களுக்கு இடமும் உதவியும் தரும் மையம்) தரும் கடிதம் மட்டும் பாக்கி. செந்தூரம் அண்ணா, ரொம்ப நன்றி.

ஏணிப்படி: காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டீர்களா? போட்டிருந்தால் 12 மாதத்துக்குள் முழு விவரமும் தாக்கல் செய்ய வேண்டும். தேதி என்ன?