மறுமொழி: ‘மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்’ விருதுக்குத் தமிழ்ச் சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அடிப்பந்தாட்டச் (பேஸ்பால்) சொற்கோவைக்காக இந்த விருதின் பெயரை எடுத்துக்கொண்டதிலிருந்து நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: ‘மிக மதிப்புமிக்க வீரர்’, ‘ஆண்டின் சிறந்த வீரர்’, ‘இன்றியமையா வீரர்’, ‘பெறுமதி வீரர்’. எதைத் தேர்ந்தாலும் நாளிதழ்க்காரர்கள் முதலாவதைத்தான் எழுதப்போகிறார்கள் என்று ஓர் அன்பர் சலித்துக்கொண்டார். அது நடக்கக்கூடியதே. ஆயினும் சொற்கோவையில் ஏறும் சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நாம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். இவ்விருதைப் பொறுத்தவரை, சொல்லாமல் விடுவதில்தான் செய்தியே இருக்கிறது.

விருதை வழங்குவது அமெரிக்க அடிப்பந்தாட்ட எழுத்தாளர் சங்கம். 1931ஆம் ஆண்டு முதல், தொழில்முறை ஆட்டத்தின் இரு பெரும் லீக்குகளுள் அமெரிக்கன் லீக்குக்கு ஒருவர், நேஷனல் லீக்குக்கு ஒருவர் என்று செய்தியாளர்கள் வாக்களித்துத் தேர்கிறார்கள். வாக்குச்சீட்டுடன் வரும் குறிப்பு, விருதின் பெயருக்குத் தெளிவான வரையறை எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. தம் அணிக்கு மிகுந்த மதிப்பு உடையவராக விளங்கியவர் யார் என்பதை வாக்களிப்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்; அவர் முதலிடம் பெற்ற அணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கருத வேண்டியவையாக அக்குறிப்பு சொல்பவை, அடித்தாடுவதிலும் தடுத்தாடுவதிலும் அவர் அணிக்குத் தந்த வலு, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, பிறகு குணநலன், விசுவாசம், முயற்சி ஆகியவை. இவற்றுள் எதற்கு எவ்வளவு எடை என்பதை அக்குறிப்பு எங்கும் சொல்வதில்லை.

இந்த நெகிழ்வின் விளைவை 2012ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக் தேர்வில் பார்க்கலாம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிகேல் காப்ரேரா அவ்வாண்டு அடிச் சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் வெற்றியான அடிகளின் விகிதம்) 0.330, ஹோம் ரன் (எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) 44, தம் அடியால் அணிக்குச் சேர்த்த ஓட்டங்கள் 139 என மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பெற்றார். இம்மூன்றையும் ஒருவரே ஒரே பருவத்தில் பிடிப்பதை ‘டிரிபிள் கிரவுன்’ என்பார்கள். 1967இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி பிடித்த பிறகு 45 ஆண்டுகள் யாருக்கும் அது வாய்த்ததில்லை. (இதற்கு ‘முக்கிரீடம்’ என்று எழுதுவதைவிட ‘மும்முடி’ நல்லது என்பது என் கருத்து. இராசராசன் ‘மும்முடிச் சோழன்’ என்று பெயர் பெற்ற மொழியில் வேறு சொல்லைத் தேடிப் போவானேன்?)

எதிரே நின்றவர் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் டிரவுட். அப்போது அவர் பருவத்தின் நடுவே, ஆகஸ்டில், 21 வயதை எட்டிய புதுமுகம். ஏப்ரல் இறுதியில்தான் அவரைக் கீழ்நிலை லீக்கிலிருந்து அழைத்தார்கள். ஆடிய 139 ஆட்டங்களில் அடிச் சராசரி 0.326, ஹோம் ரன் 30, தளத் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்தல்) 49, தாமே ஓடி முடித்த ஓட்டங்கள் 129. இவை தவிர நடுப்புறத் தடுப்பாட்டம் இருக்கிறது. ஜூன் மாதம் பால்டிமோரில் சுவரின் மேல் எம்பி, ஹோம் ரன்னாகப் போய்க்கொண்டிருந்த பந்தை அவர் பறித்த காட்சியைப் பார்த்தவர்கள், தடுத்த ஓட்டமும் எடுத்த ஓட்டமும் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்வார்கள். காப்ரேராவோ தம் அணியின் பிரின்ஸ் ஃபீல்டருக்கு இடம் விட்டு முதல் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்கு மாறியிருந்தார். அங்கே அவருடைய தடுப்பாட்டத்தை யாரும் பெரிதாகப் புகழவில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்க்கும் அளவீடு ஒன்று அப்போது பரவலாகியிருந்தது. ஓர் ஆட்டக்காரரை எடுத்துவிட்டு, கீழ்நிலை லீக்கிலிருந்து எளிதில் கிடைக்கக்கூடிய ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினால் அணி எத்தனை வெற்றிகளை இழக்கும் என்று அது கணக்கிடுகிறது. கணக்கிடும் இணையதளத்துக்கு இணையதளம் எண் சற்று மாறினாலும், டிரவுட்டுக்குப் பத்துக்கு மேலும் காப்ரேராவுக்கு ஏழை ஒட்டியும் வந்தது. ‘மாற்றாள் மேல் வெற்றி’ என்று சென்ற மடலில் இந்த அளவீட்டுக்குப் பெயர் தந்த தம்பி வருத்தப்படக் கூடாது: ‘மாற்றாள்’ என்றால் எங்கள் பாட்டிமார் வாயில் சக்களத்தி. ‘பதிலாளை விஞ்சிய வெற்றிகள்’ என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாகப் ‘பதிலாள் கணக்கு’ எனலாம்.

வாக்கெடுப்பு எதிர்பார்த்த அளவுக்கு நெருக்கமாக இல்லை. 28 வாக்காளர்களில் 22 பேர் காப்ரேராவுக்கு முதலிடம் தந்தார்கள், 6 பேர் டிரவுட்டுக்குத் தந்தார்கள். மொத்தப் புள்ளிகள் 362க்கு 281. காப்ரேராவை ஆதரித்தவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று, அவர் தம் அணியை லீக்கின் உட்பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டு சென்றார், டிரவுட்டின் அணி இறுதிச்சுற்றுக்குப் போகவே இல்லை என்பது. ஆனால் டெட்ராய்ட் வென்றது 88 ஆட்டங்கள், ஏஞ்சல்ஸ் வென்றது 89. ஏஞ்சல்ஸ் இருந்த பிரிவு கடினமானது, அவ்வளவே. பக்கத்து வீட்டுக்காரன் ஏழையாக இருப்பதால் ஒருவன் பணக்காரன் ஆகிவிடுவதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஆண்டு டிரவுட்டுக்குத்தான் விருது போயிருக்க வேண்டும்.

ஆனால் என் தீர்ப்பைக் கலைச்சொல்லுக்குள் மறைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே ஒவ்வொரு பரிந்துரையையும் பின்வரும் வாக்கியத்தில் இட்டுப் பார்க்க வேண்டுகிறேன்:

‘2012இல் டிரவுட்தான் சிறந்த ஆட்டக்காரர்; ஆயினும் காப்ரேராவே —— ஆட்டக்காரர்.’

இவ்வாக்கியத்தை நம்பியவர்கள் உண்டு, எள்ளி நகைத்தவர்களும் உண்டு. இரு தரப்பும் பேசியது ஒரே சொல்லைப் பற்றி. ஆகவே கோடிட்ட இடத்தில் நாம் வைக்கும் சொல், வாக்கியத்தைத் தன்முரணாக ஆக்கினால் ஒரு தரப்பின் வாயை அடைக்கிறது. மறுக்கவே முடியாத உண்மையாக ஆக்கினால் மறு தரப்பின் வாயை அடைக்கிறது.

‘ஆண்டின் சிறந்த வீரர்’ முதல் அடியிலேயே விழுந்துவிடுகிறது. டிரவுட் சிறந்தவர், ஆயினும் காப்ரேரா சிறந்தவர் என்று யாரும் பேச மாட்டார்கள். விருதுக் குழப்பத்துக்கே இந்தச் சொல் முடிவு கட்டிவிடும் என்று அதை முன்வைத்தவர் எழுதியிருந்தார். அது உண்மைதான், அதனால்தான் அது வேண்டாம்.

அம்மையார் முன்வைத்த ‘இன்றியமையா வீரர்’ அழகில் நான்கிலும் முதலாவது. இவரின்றி அணி அமையாது என்ற பொருளைப் பதிலாள் கணக்கே தன் வழியில் அளக்கிறது என்று அவர் காட்டியதும் நுட்பமானது. எனினும் இச்சொல் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட அணியின் ஆட்டக்காரரை ஏறக்குறைய வெளியேற்றிவிடுகிறது. 1987இல் சிகாகோ கப்ஸ் தம் பிரிவில் கடைசியாக வந்தது. அதில் 49 ஹோம் ரன் அடித்த ஆந்த்ரே டாசனுக்கு நேஷனல் லீக் விருது கிடைத்தது. அவர் இல்லாமலும் அந்த அணி கடைசியாகத்தானே வந்திருக்கும்? கடைசி இடத்தைப் பிடிக்க யார் இன்றியமையாதவர் என்று படிப்பவர் கேட்டால் நம்மிடம் விடை இராது. நடந்த தேர்வுகளையே பிழையாகக் காட்டும் பெயரை ஒரு விருதுக்குச் சூட்டுவது முறையாகாது.

‘பயன்’ என்ற சொல்லை இதுவரை யாரும் தொடவில்லை என்பது வியப்பளிக்கிறது. இன்றைய விருதுக்கு முன்னோடியான சால்மர்ஸ் விருது அதைத்தான் பேசியது. 1910இல் சால்மர்ஸ் மகிழுந்து நிறுவனம் அடிச் சராசரியில் முதலாவதாக வருபவருக்கு ஒரு வண்டி தருவதாக அறிவித்தது. டை காப், நாப் லாஜவே என்ற இரு ஆட்டக்காரர்களுக்கும் இடையே அது பெரும் சர்ச்சையாகி, கடைசியில் இருவருக்கும் ஆளுக்கொரு வண்டி தந்து தீர்த்தார்கள். மறு ஆண்டு முதல், தம் அணிக்கும் லீக்குக்கும் மிக முக்கியமாகவும் பயனுள்ளவராகவும் இருந்தவருக்கு என்று விதியை மாற்றினார்கள். அந்த விருது 1914ஆம் ஆண்டோடு நின்றது. அது தொடர்ந்திருந்தால் ‘பெரும்பயன் ஆட்டக்காரர்’ என்பதற்கு என் வாக்கு. பின்வந்தவர்கள் பயனை விட்டு மதிப்பைப் பிடித்துக்கொண்டபோது நாம் பழையதற்குத் திரும்ப முடியாது.

ஆக எஞ்சுபவை மதிப்பும் பெறுமதியும். யாழ்ப்பாணத்து ஐயா ‘பெறுமதி’க்குச் சொன்ன காரணம் வலுவானது. தமிழ்நாட்டில் ‘மதிப்புக் கூட்டு வரி’ என்றதை இலங்கையில் ‘பெறுமதி சேர் வரி’ என்கிறார்கள். மதிப்பு என்றால் மரியாதை என்ற பொருளும் குறுக்கே வரும், பெறுமதியில் அந்தச் சிக்கல் இல்லை என்பது அவர் வாதம். பொருளியல் நூலுக்கு நான் அவர் பக்கம். ஆனால் இவ்விருதில் அந்தச் சிக்கல் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். குணநலனையும் விசுவாசத்தையும் கருத வேண்டும் என்று வாக்குச்சீட்டே கூறும்போது, மரியாதை என்ற பொருள் வெளியிலிருந்து நுழைந்த குறுக்கீடு ஆகாது. 1947இல் மும்முடி பெற்ற டெட் வில்லியம்ஸ், வாகை சூடிய யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோவிடம் 202க்கு 201 என ஒரே புள்ளியில் இவ்விருதை இழந்தார். அடித்தாடுவதில் வில்லியம்ஸ் மூன்று பட்டியலிலும் மேலே நின்றார். செய்தியாளர்களோடு அவருக்கு இருந்த பகை ஊரறிந்தது. அங்கே அளக்கப்பட்டது பெறுமதி மட்டும்தானா?

இன்னொன்று. மதித்தல் என்ற வினைக்கு அளவிட்டுக் கருதுதல் என்பது முதற்பொருள். மதிப்பு என்றாலே மதிப்பவர் ஒருவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். தேர்வுத் தாளில் போடும் எண்ணை நாம் மதிப்பெண் என்கிறோம், பெறுமதியெண் என்பதில்லை. இவ்விருதிலும் வாக்காளர் தாம் வரிசைப்படுத்தும் பத்துப் பேரில் முதலாமவருக்கு 14, இரண்டாமவருக்கு 9, மூன்றாமவருக்கு 8 என்று படிப்படியாக 1 வரை மதிப்பெண்தான் போடுகிறார். சொல்லுக்குள்ளேயே வாக்காளரும் இருக்கிறார் என்பது எனக்கு நிறைவாகப் படுகிறது.

அடுத்து மீமிகை நிலை. ‘மிக மதிப்புமிக்க’ என்பதில் ஒரே மிகுதி முன்னும் பின்னும் நின்று இடிக்கிறது. ‘மதிப்புமிக்க’ என்று மட்டும் எழுதினாலோ அப்படிப் பத்துப் பேர் இருக்கலாம் என்றாகிறது. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூலில் ‘மீப்பெரு பொதுக் காரணி’, ‘மீச்சிறு பொது மடங்கு’ என்று நாம் படித்த ‘மீ’ இதற்காகவே காத்திருப்பதுபோல் இருக்கிறது. அது ஒன்றே ஒன்றைத்தான் சுட்டும். ஆகவே என் பரிந்துரை ‘மீமதிப்பு ஆட்டக்காரர்’. அளவுக்கு மீறி மதித்தல் என்று பொருள்பட்டுவிடும் என அஞ்சுவோருக்கு, அதற்கு ‘மிகைமதிப்பு’ என்ற சொல் முன்பே வழக்கில் உள்ளது என்பதே என் விடை. ‘வீரர்’ என்று வைத்தால் பெண்கள் ஆடும் லீக்குகளுக்கு ‘வீராங்கனை’ என்று தனியே ஒரு பதிவு போட வேண்டிவரும். ஆட்டக்காரர் இருபாலுக்கும் பொது. ‘மீமதிப்பர்’ என்று சுருக்கவும் முயன்றேன். ‘அவர்கள் மதிப்பர்’ என்பதுபோல் வினைமுற்றாகத் தொனித்ததால் கைவிட்டேன்.

‘2012இல் டிரவுட்தான் சிறந்த ஆட்டக்காரர், ஆயினும் காப்ரேராவே மீமதிப்பு ஆட்டக்காரர்.’ படித்துப் பாருங்கள். எனக்கு உடனே மறுத்துப் பேசத் தோன்றுகிறது, ஆனால் வாக்கியம் தமிழாகவே நிற்கிறது.

சொற்கோவைப் பதிவின் வரைவு இது:

மீமதிப்பு ஆட்டக்காரர்: ஒரு லீக்கில் ஒரு பருவத்தில் தம் அணிக்கு மிகுந்த மதிப்பு உடையவராக விளங்கினார் என்று வாக்காளர்கள் கருதித் தேரும் ஆட்டக்காரர். எறிவாளருக்கும் (பந்தை எறிபவர்) உரியது. 2024இல் தடுத்தாடாமல் அடித்தாடுவதை மட்டுமே செய்த ஷோஹே ஒடானி நேஷனல் லீக்கில் ஒருமனதாகத் தேர்வானார். ‘ஆட்டநாயகன்’, ‘தொடர்நாயகன்’ ஆகியவற்றோடு மயங்கற்க; அவை முறையே ஓர் ஆட்டத்துக்கும் ஒரு தொடருக்கும் உரியன.

‘கருதித் தேரும்’ என்பதை எடுத்துவிடலாம் என்று தோன்றுபவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.